கறியைத் துணியால் தேய்த்துப் பார்த்த அக்கா

டெக்ஸாஸ் பார்பிக்யூ என்றால் லஞ்சம் என்று நான் நம்பினேன். ஒரு நாள், அரை நாள் இல்லை. ஒரு சீசன் முழுக்க நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.

திருப்பூர் நல்லூரில் எனக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. கம்பெனி என்பது போர்டில்தான் இருக்கிறது. கீழே தையல், மாடியில் அயர்னிங், பேக்கிங், மழை பெய்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வாளி. அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக்கொண்டிருந்தவன், அந்த வருஷம்தான் சொந்தப் பேரில் முதல் வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்தேன். வீட்டுப் பத்திரம் பாங்கில் இருந்தது. தைத்து முடித்ததும், வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்குப் பார்க்கிற பையிங் ஆஃபீஸிலிருந்து ஆள் வந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பார்ப்பார். பாஸ் என்றால் சரக்கு கப்பலேறும். ஃபெயில் என்றால் சரிசெய்து முடிப்பதற்குள் கப்பல் போய்விடும்; நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புவதாக இருந்தால், சரக்கோடு சேர்த்து நல்லூர் வீட்டையும் நான் அதே விமானத்தில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

அந்த ஆஃபீஸிலிருந்து எனக்கு வாய்த்தவர் அக்கா. பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். ஐம்பதைத் தாண்டிய வயசு, தூத்துக்குடிப் பக்கத்து ஊர், திருப்பூரில் பாதி வாழ்க்கை. கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சிலுவை, அதன் மேலேயே மாலை மாதிரி ஒரு இன்ச் டேப். சிலுவை மன்னிக்கும், டேப் மன்னிக்காது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்கிற விஷயம் கடைசிவரை தீரவில்லை.

தையல் பாதியில் இருக்கும்போது ஒரு தடவை பார்க்க வந்தார். டேபிளின் மேல் நான் அழகாக அடுக்கி வைத்திருந்த பீஸ்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஒரு டெய்லரின் காலடிக் கூடையில் கைவிட்டு, அடியில் கிடந்ததை உருவினார். இழுத்தார், புரட்டினார், உள்தையலைப் பார்த்தார். வாசற்படி இறங்கும்போது திரும்பி நின்று கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஏரியாவுல டெக்ஸாஸ் ஸ்டைல்ல பொகை போட்டு கறி குடுக்குத கடை எங்கெல்லாம் இருக்கு? உங்களுக்குத் தெரியுமோ?"

லஞ்சம் கேட்பவர்கள் எங்கேயும் நேராகக் கேட்பதில்லை என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். 'போன்ல சார்ஜே நிக்கறதில்லீங்க' என்று ஒருத்தர் சொன்னால் புது போன் என்று அர்த்தமாம். அப்படியென்றால் டெக்ஸாஸ்? அமெரிக்கா வரைக்கும் போகிற தொகை!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா கறிக்கடை எங்கீன்னு கேட்டா, கறிக்கடை எங்கீன்னு கேக்கறாங்கன்னுதானுங்க அர்த்தம்?"

"உனக்கு எக்ஸ்போர்ட்டு தெரியாது."

"எனக்குக் கறி தெரியுமுங்க."

அடுத்த ஞாயிறு அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குப் போனேன். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம். உள்ளே வேலை செய்கிறவர்கள் தலையில் எல்லாம் கௌபாய் தொப்பி. பீகார்க்காரர் ஒருவர், தொப்பி கண்ணை மறைக்க, "ஹவ்டி அண்ணா, ஆவோ, உக்காருங்க" என்று ஒரே மூச்சில் மூன்று மொழியில் வரவேற்றார்.

அக்காவுக்கு மாட்டு நெஞ்சுக்கறி. எனக்கு ஆட்டுத் தொடை. எங்கள் வீட்டில் மாடு கிடையாது, கிருத்திகைக்கு ஆடும் கிடையாது. தட்டு வந்தது. அக்காவின் கறி வெளியே கருகருவென்று, நடுவே பழுப்பாக, இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோஸ் நிறக் கோடு ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பனியன்காரன் எழுந்து நின்றுவிட்டான். கறுப்புத் துணிக்கு ஒழுங்காகச் சாயம் போடாவிட்டால் பக்கத்துத் துணியில் இப்படித்தான் கலர் இறங்கும். முதல் கடையே ஃபெயில், கூட்டிக்கொண்டு வந்த நானும் ஃபெயில்!

"தொடாதீங்கக்கா! கலர் இறங்கியிருக்குதுங்க!"

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளை கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து அவர் தட்டிலிருந்த கறியைத் தேய்த்தேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போனது.

"என்ன செய்யுதீய அண்ணாச்சி?"

"ரப்பிங் பாக்கறனுங்க, சாயம் ஒட்டுதான்னு."

துணியில் கொழுப்புதான் ஒட்டியிருந்தது. அக்கா அந்தத் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பீகார்க்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எந்தக் கம்பெனியிலும் யாரும் கேட்டிராத சிரிப்பு.

"அது சாயமில்ல அண்ணாச்சி, பொகை. வெறகுப் பொகை கறிக்குள்ள மெதுவா எறங்குனா இப்படிச் செவப்பா ஒரு வரி விழும். அது இருந்தாத்தான் பாஸு. இல்லேன்னாத்தான் ஃபெயிலு."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். நான் பாங்க் மேனேஜர் முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிங்க்கா?"

"ஒண்ண மட்டும் வச்சு என்னத்தச் சொல்ல? இன்னொரு கடை பாக்கணும்."

கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். ஒரு துண்டை அதில் வைத்து மூடினார். "இதுதான் இப்போதைக்கு அப்ரூவ்டு சாம்பிள்" என்றார். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸை வைத்துக்கொண்டு மற்ற சரக்கையெல்லாம் அதோடு ஒத்துப்பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். கறிக்கும் அப்படி உண்டு என்று அன்றுதான் பார்த்தேன். அதை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பிற்பாடு ஒவ்வொரு கடையிலும் சர்வர்கள் தட்டை வைத்துவிட்டு நகர்வதற்குள் அக்கா டப்பாவைத் திறப்பார். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று ஒரு கடையில் சொன்னார்கள். "இது சாப்பிட இல்ல தம்பி, ஒத்துப் பாக்க" என்றார். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஒத்துப்பார்த்து முடித்திருந்தார்.

அவர் தட்டுக்கு அவரே காசு கொடுத்தார். நான் எவ்வளவோ மன்றாடியும் விடவில்லை. அதில்தான் என் பயம் இரண்டு மடங்கானது. சின்னதை வேண்டாம் என்கிறவர் பெரிசாகக் கேட்கப் போகிறார் என்றல்லவா அர்த்தம்!

அக்காவின் சுபாவமே இதுதான். தனியாக ஒரு பொருளை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டார். பக்கத்தில் இன்னொன்று வேண்டும், அதுவும் அவரே அடியிலிருந்து உருவியதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது என் மனைவி காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்குங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "அண்ணாச்சிக்குப் போட்டத குடுங்க பாப்போம்" என்று என் டம்ளரையும் வாங்கி ஒரு வாய் குடித்தார். "எனக்குப் பால் கூட ஊத்திருக்கீய. இதே மாதிரி அவருக்கும் ஊத்துங்க." அன்றிலிருந்து என் காபி உருப்பட்டது. மனைவியும் அவர் கட்சிக்குப் போய்விட்டாள்.

கத்தரிக்காயைக் குவியலின் நடுவே கைவிட்டுத்தான் எடுப்பார். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்த பிறகுதான் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்கூட காலையில் ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில். "காலைல சாமியார் பரவாயில்ல" என்பார். அந்த 'பரவாயில்ல'தான் அவரிடம் உள்ள உச்சபட்ச மார்க். அதற்கு மேல் சொர்க்கத்துக்குக்கூடப் போட மாட்டார்.

"ஏனுங்க, ஒருக்கா உங்களையும் அந்தக்காகிட்ட செக்கிங்குக்குக் குடுங்களே" என்றாள் மனைவி. "இத்தன வருசமா ஒத்துப் பாக்க ஆளில்லாம நானும் பாஸுன்னு நெனச்சுட்டு இருக்கறன்."

இரண்டாவது கடை கோயம்புத்தூர் போகிற வழியில். ஏசி, பாட்டு, தண்ணீருக்கே தனி மெனு. நெஞ்சுக்கறி வந்தது. ரோஸ் கோடு அத்தனை அழகு, ஓரத்தைச் சுற்றி ஒரே அளவாக ஓடியது. நான் தேறிவிட்ட தெம்பில் "பாஸுங்க்கா!" என்றேன். அக்கா கையை நீட்டினார்.

"அந்தத் துணியக் குடுங்க."

தேய்த்தார். துணி ரோஸாக வந்தது.

கடைக்காரர் ஓடிவந்தார். "மேடம், அது மசாலாங்க."

"மசாலா வெளியிலதான இருக்கணும்? இது பனியன் கழுத்துக்குப் பைப்பிங் வச்ச மாதிரில்லா ஓடுது?" அதட்டவில்லை. எங்களிடம் எப்படிச் சொல்வாரோ அதே குரலில் சொன்னார்: "கலர விட்டுருங்க. வெறகப் போட்டு நேரம் குடுங்க. தானா வரும்."

என் முட்டாள்தனமான துணி ஒரு கடையைக் கையும் களவுமாகப் பிடித்ததில் எனக்கு ஒரு நிமிஷம் பெருமை. அடுத்த நிமிஷமே நல்லூர் ஞாபகம் வந்தது. கறியிலேயே இதைக் கண்டுபிடிக்கிறவர், என் சரக்கில் என்னவெல்லாம் கண்டுபிடிப்பார்? மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, நம்ம ஃபைனலு வருதுங்களே, அதுல கொஞ்சம்…"

"சாப்பிடுத எடத்துல சரக்குப் பேச்சு எடுக்காதீய அண்ணாச்சி. வாய் ருசி கெட்டுரும்."

ஆக, பேசித் தீர்க்கிற அளவில் தொகை இல்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

கொமரலிங்கம் பக்கம் தென்னந்தோப்புக்குள் வார விடுமுறைக்கு மட்டும் சுடுகிற ஒரு இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். ஆற்றுக்காற்று, கயிற்றுக்கட்டில், பிரமாதமான இடம். அவர்கள் தேங்காய்த் தொட்டியை, அக்கா பாஷையில் சிரட்டையை, போட்டுப் புகை எழுப்பினார்கள். அக்கா ஒரு வாய் மென்றுவிட்டு, "கறிக்கு முன்னால தேங்கா வந்து நிக்கி" என்றார். அந்தப் பயணத்தில்தான் ஒரு விபத்து நடந்தது. எனக்கு அந்தக் கறி பிடித்துப்போனது. பயத்துக்கு நடுவிலும் இரண்டாவது தட்டு கேட்டேன். பெல்ட்டில் ஓட்டை போதவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவராகவே சொன்னார். மகள் டெக்ஸாஸில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போய் ஆறு மாசம் இருந்தாராம். சனிக்கிழமையானால் மருமகன் ஒரு கறிக்கடைக்குக் கூட்டிப் போவாராம்.

"கார விட்டு எறங்குனா, எங்கூர்ல வெறகக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டா வருமே, அதே மணம். என்ன மரம்னு கேட்டா பேரு என்னமோ சொல்லுதாங்க. எல போட்டோ பாத்தேன். நம்ம வேலிக்கருவையோட அண்ணந்தம்பி! மருமகன்ட்ட சொன்னேன், 'ஏ தம்பி, இந்த மரத்த வேண்டாம் வேண்டாம்னு எங்கூர்ல ஜேசிபி வச்சுப் புடுங்குதாவ'ன்னு. அவன் சிரிக்கான். சரி, நம்ம ஊருல யாராவது இந்தக் கறிய அந்த மரத்துல போடுதாவளான்னு பாத்துச் சொல்லுதேன்னுட்டு வந்தேன்."

"கெடச்சா என்னங்க்கா பண்ணுவீங்க?"

"மருமகனக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சு, டெக்ஸாஸ ஃபெயிலாக்கணும்."

ஆக, தொகையில் மருமகனின் விமான டிக்கெட்டும் சேரும் என்று குறித்துக்கொண்டேன். அக்கா சொன்ன மரம் சீமைக்கருவேலம்; எங்கள் பக்கம் வேலிக்காத்தான் என்போம். சாயப்பட்டறை பாய்லர்களுக்கு லாரி லாரியாக வருவது அந்த விறகுதான். அப்போதுதான் எனக்கு பல்லடத்துக்காரர் ஞாபகம் வந்தார். பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பட்டறையில் கழித்துப் போட்ட பாய்லர் கூட்டை வாங்கி வெட்டி ஒட்டி, அதில் புகை போட்டுக் கறிக்கடை நடத்துகிறார். தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி. கோழி, ஆடு, ஞாயிறு மட்டும் நெஞ்சுக்கறி.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். அக்காவுக்குத் தெரியாமல் முந்தின நாளே போய் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு அம்மாவக் கூட்டியாரனுங்க. பெரிய எடம். அவங்களுக்குன்னு ஸ்பெசலாப் பண்ணிப் போடுங்க. என்ற பொழப்பே அவங்க வாயிலதானுங்க இருக்குது."

மனுஷன் பயந்துவிட்டார். மறுநாள் அக்காவுக்கு வந்த தட்டு கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தட்டு மாதிரி இருந்தது. மேலே கொத்தமல்லி, எலுமிச்சை, வெள்ளரிக்காயில் ஒரு ரோஜாப்பூ. அக்கா ரோஜாப்பூவை எடுத்துத் தள்ளி வைத்தார். எழுந்தார். நேராகப் பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே தறி ஓட்டுகிற குடும்பம் ஒன்று, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அய்யா, உங்க தட்டக் கொஞ்சம் காட்டுங்க."

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, பசிக்குதுங்களா? உக்காருங்க, சாப்பிடுங்க." அவர் பெண்டாட்டி நாற்காலியை இழுத்தே போட்டுவிட்டார். அக்கா உட்கார்ந்து, அவர் தட்டின் அடியிலிருந்து ஒரு துண்டை உருவி மென்றார். திரும்பி வந்து தன் தட்டில் ஒரு துண்டு மென்றார். டப்பாவைத் திறந்து அதிலிருந்தும் ஒரு கிள்ளு.

நான் வெள்ளரி ரோஜாவை எடுத்துச் சட்டைப்பையில் மறைத்தேன்.

"எனக்கு வச்சது சாம்பிளு" என்றார் அக்கா. "அவருக்கு வச்சதுதான் ப்ரொடக்ஷன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தகரக் கூரையைப் பார்த்தேன்.

"சாம்பிளவிட ப்ரொடக்ஷன் நல்லாருக்கு" என்றார். நல்லாருக்கு! அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "எனக்குன்னு பயந்து பயந்து ரொம்ப நேரம் போட்டு வறவறன்னு ஆக்கிட்டீய. அவருக்கு எப்படிச் செஞ்சீயளோ அப்படியே எல்லாத்துக்கும் செய்யுங்க. மணம் அதேதான். மரம் அதேதான்."

அன்று அக்கா தறிக்காரர் குடும்பத்தோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். டப்பாவிலிருந்த பழைய சாம்பிளை வாசலில் நின்ற நாய்க்குப் போட்டார். மகளுக்கு வீடியோ கால் போட்டு, பாய்லர், விறகு, தறிக்காரர், எல்லாரையும் காட்டினார். போனில் மருமகன் முகம் தெரிந்ததும், "என்ன தம்பி, எப்ப வாரீய?" என்று ஒரு கேள்வி. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொன்னார். நான் மட்டும் சிரித்த முகத்தோடு உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன். ஏனென்றால் நல்லூரில் என் மாடியில் முன்வரிசைப் பெட்டிகளில் இருந்தது சாம்பிள், பின்வரிசையில் இருந்ததுதான் ப்ரொடக்ஷன்.

மறுநாள் காலையில் எல்லாப் பெட்டியையும் உடைக்கச் சொன்னேன். மேனேஜர் மதுரைக்காரர். "மொதலாளி, உங்களுக்கு என்னமும் ஆயிப்போச்சா? ஒட்டுன பெட்டிய எதுக்குப் பிரிக்கச் சொல்றீங்க?" என்றார். "நீங்க பல்லடத்துக்கு வரலீங்க, உங்களுக்குப் புரியாது" என்றேன். பின்வரிசையில் எண்ணெய்க் கறை இருந்தது, ஊசி ஓட்டை இருந்தது, ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் ஒரு கட்டு இருந்தது. எடுத்தோம், பிரித்தோம், மறுபடி தைத்தோம். மனைவியும் வந்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்தாள். அவள் அக்காவைவிட மோசம். எங்கள் கம்பெனியில் தைக்காத என் சட்டையிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள்.

ஃபைனல் நாள் வந்தது. பல்லடத்துக் கடையிலிருந்து ஒரு பார்சல் வரவழைத்து மேஜை மேல் வைத்திருந்தேன். அதுவும் ப்ரொடக்ஷனிலிருந்தே எடுக்கச் சொல்லியிருந்தேன். வாசலில் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது ஒரு ஆண். அதே ஆஃபீஸ், நம் பக்கத்து ஆள், பேச்சே இல்லாத முகம்.

"அக்கா வரலீங்களா?"

"அவங்க உங்க யூனிட்டுக்கு வரமாட்டாங்களேங்க. அவிநாசி ரோட்டுக் கடைக்கு உங்க கார்ல போனாங்கல்ல? மக்யா நாளே, திங்கக்கெழமயே, ஆஃபீஸ்ல சொல்லிப்போட்டாங்க. 'அவருகூட உக்காந்து சாப்பிட்டாச்சு, இனி அவரு சரக்க நான் தொடமாட்டேன், வேற ஆளப் போடுங்க'ன்னு."

"எனக்கு யாரும் சொல்லலீங்களே!"

"நீங்க கேட்டீங்களா?"

நான் மேஜை மேல் இருந்த பார்சலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் சைவமுங்க" என்றார்.

அவர் முன்வரிசையைத் தொடாமல் பின்வரிசைக்குப் போனார். யாரிடம் தொழில் கற்றிருக்கிறார் என்று தெரிந்தது. சாயங்காலம்வரை பார்த்தார். சரக்கு பாஸ். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பாஸ் ஆயிருச்சுங்க!"

"அத ஏன் எங்கிட்ட சொல்லுதீய? நான் பாக்கலியே."

"அப்பறம் எதுக்குங்க்கா என்னய இத்தன கடைக்குக் கூட்டீட்டுப் போனீங்க?"

"இது என்ன கூத்து. காரு உங்களுது, நானா உங்களக் கூட்டிட்டுப் போனேன்?" அப்புறம் சொன்னார்: "ஒத்த நாக்க வச்சு ஒரு கடைய எப்படி அண்ணாச்சி சொல்ல முடியும்?"

அவ்வளவுதான் நடந்தது. அவருக்குப் புகை போட்ட கறி பிடித்திருந்தது. ஒத்துப்பார்க்க இன்னொரு வாய் வேண்டியிருந்தது. என்னிடம் வாயும் இருந்தது, காரும் இருந்தது.